70 போதுமா, 75 வேண்டுமா?

கேள்வி: அண்ணா, எனக்குத் திருநெல்வேலி பக்கம். டெல்லி பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த முறை மாணவர் சங்கத் தேர்தலில் இணைச் செயலாளர் பதவிக்கு நிற்கச் சொல்லி நண்பர்கள் விடாமல் கேட்கிறார்கள். எனக்கு வருகைப்பதிவு 72 சதவீதம். பார் கவுன்சில் கேட்பதே 70 தானே, கவலைப்படாதே என்கிறார்கள். செலவையும் வெளியே ஒரு அமைப்பு பார்த்துக்கொள்ளுமாம். நிற்கலாமா?

பதில்: நில்லுங்கள் தம்பி, தாராளமாக நில்லுங்கள், ஆனால் இந்த 72-ஐயும் அந்த அமைப்பின் பணத்தையும் நம்பி வேண்டாம்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் 70 பரீட்சை எழுதுவதற்காகப் போட்ட கணக்கு, சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளில் எழுதியது. மாணவர் தேர்தலுக்கு லிங்டோ குழுவின் விதிகள்தான். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையில் அமைந்த குழு அது. அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி, பல்கலைக்கழகம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வருகை அல்லது 75 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது வேண்டும். அந்த ஆண்டில் அரியரும் இருக்கக் கூடாது. வயது வரம்பும் உண்டு, தொழிற்படிப்புகளுக்கு அதைத் தளர்த்தலாம் என்று குழுவே சொல்லியிருப்பதால் இந்த ஆண்டு அறிவிப்பில் எல்.எல்.பி.க்கு என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். ஒரு வேட்பாளர் செலவழிக்கக்கூடியது 5,000 ரூபாய், அதுவும் மாணவர்கள் தாங்களாக விரும்பித் தருகிற பணமாக இருக்க வேண்டும். வெளியில் இருந்து ஒரு ரூபாய் வந்தாலும் விதிமீறல்தான். அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதை மட்டும், ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஒட்டலாம். முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். இதெல்லாம் ஏட்டில்தானே இருக்கிறது, டெல்லியில் யார் மதிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மதிக்காததால்தான் 2024-ல் செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு முடிந்தும், சுவர்களிலும் சாலைகளிலும் செய்த அலங்கோலத்தைச் சுத்தம் செய்யும் வரை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்து, நவம்பர் 25-ல்தான் முடிவு வந்தது. ஒரு வருடப் பதவியில் இரண்டு மாதம் போயே போய்விட்டது. மற்றவர்களை விடுங்கள், நாளைக்குக் கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு சட்டத்தை மதிக்கச் சொல்லி வாதாடப் போகிறவர் தன் முதல் தேர்தலிலேயே கோர்ட் உத்தரவை மீறினால் எனக்கு மனசு கேட்காது தம்பி.

இன்னொன்று, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. இணைச் செயலாளர் போன்ற நிர்வாகிப் பதவிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம், தோற்றாலும் அவ்வளவுதான். யாருடைய வாக்கையோ பிரிப்பதற்காக உங்களை நிறுத்துகிறார்களா என்று யோசித்துப் பாருங்கள். நானாக இருந்தால் இந்த வருடம் மத்திய கவுன்சிலர் இடத்துக்கு, அதாவது மாணவர் சங்கத்தில் உங்கள் கல்லூரியின் பிரதிநிதி இடத்துக்கு, நிற்பேன். அது உங்கள் கல்லூரிக்குள்ளேயே நடக்கிற தேர்தல், வகுப்பு வகுப்பாக நடந்தே ஓட்டு கேட்டுவிடலாம், 5,000 ரூபாய்கூட ஆகாது. விடுதியில் இடம் கிடைக்காமல் விஜய் நகரிலும் முகர்ஜி நகரிலும் வாடகை கொடுத்து அல்லாடுகிற தென்னாட்டுப் பிள்ளைகளுக்காகப் பேச அங்கே ஒரு ஆள் தேவை. அப்புறம், இந்தியை நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள், ஓட்டு கேட்க அது இல்லாமல் முடியாது.

கேள்வி: என் மகன் சட்டக் கல்லூரி மாணவர் தேர்தலில் நிற்கிறான். பிரச்சாரத்தின்போது நடந்த தள்ளுமுள்ளில் அவன் பெயரும் எஃப்.ஐ.ஆரில் வந்துவிட்டது. நாளைக்கு வக்கீலாகப் பதிவு செய்ய முடியாமல் போய்விடுமோ என்று அவன் அம்மா தூங்குவதே இல்லை. (ஒரு தந்தை, மதுரை)

பதில்: அம்மாவை முதலில் தூங்கச் சொல்லுங்கள் ஐயா. வழக்கறிஞர்கள் சட்டம் 1961-ன் 24ஏ பிரிவு, ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரைத்தான் தடுக்கிறது, அதுவும் விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆகும் வரை. எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பது தண்டனை ஆகாது. ஆனால் கல்லூரி நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் அதுவே அவனைத் தேர்தலில் நிற்கவிடாது, அதனால் விசாரணைக்குக் கூப்பிட்டால் நேரில் போய் எழுத்தில் விளக்கம் கொடுக்கட்டும். நல்ல கிரிமினல் வக்கீல் ஒருவரை இப்போதே பாருங்கள், தேர்தல் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பதிவு விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்பார்கள், அங்கே உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். முக்கியமான தகவலை மறைத்துப் பதிவு செய்தது பின்னால் தெரிந்தால் இந்திய பார் கவுன்சில் பெயரையே நீக்கிவிடலாம், 26-ஆவது பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது.