குளியலறையில் வாட்டம் சரியில்லை, குத்தகையாளரோ மீதிப் பணம் கேட்கிறார்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை மறுவிற்பனை வீடு வாங்கி, புதுப்பிப்பு வேலைக்கு 40,000 வெள்ளி பேசினோம். வேலையை எடுத்த குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) என் கணவருக்குத் தெரிந்தவர். இதுவரை 36,000 வெள்ளி கொடுத்துவிட்டோம். குளித்தால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவோரம் தேங்குகிறது. சமையலறையில் சில டைல்ஸைத் தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறது. கேபினட் கதவுகள் ஏற்ற இறக்கமாக நிற்கின்றன. கேட்டால், “மீதி 4,000-ஐப் போடுங்கக்கா, ஆள் அனுப்புறேன்” என்கிறார். இன்னொருவர் குளியலறைத் தரையை மட்டும் உடைத்துப் போட 6,500 வெள்ளி கேட்கிறார். அவரை வைத்துச் செய்துவிட்டு, செலவை முதல் ஆளிடம் வாங்க முடியுமா?

பதில்: வாங்கலாம். ஆனால் முதல் ஆளுக்கு எழுத்தில் கெடு கொடுக்காமல் நாளைக்கே தரையை உடைத்தீர்கள் என்றால், உங்கள் வழக்கை நீங்களே உடைத்த மாதிரி. குறை இருந்த இடமே போய்விடும். “என்னைக் கூப்பிட்டிருந்தால் நானே சரிசெய்திருப்பேன்” என்று அவர் சொல்வார். அந்த வாதம் எடுபட்டால், மற்றவருக்கு நீங்கள் கொடுத்த முழுத்தொகையும் கிடைக்காது. அவரே செய்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்ற கணக்குதான் பேசப்படும்.

முதலில் மூன்று குறைகளையும் பிரித்துப் பாருங்கள். கேபினட் கதவு பெரும்பாலும் கீல் திருகைத் திருப்பினால் சரியாகிற வேலை. பட்டியலில் கடைசியாக எழுதுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம். வெற்றுச் சத்தம் அடுத்தது. டைல்ஸின் ஓரத்தில் மட்டும் கேட்டால் கண்காணித்தால் போதும். நடுவிலும் கேட்டால், பக்கத்துப் பக்கத்து டைல்ஸிலும் தொடர்ந்தால், அடியில் சாந்து சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நாளாவட்டத்தில் பெயர்ந்து மேலெழும்பலாம். ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டி, வெற்றுச் சத்தம் வருவதில் ஒட்டுநாடா ஒட்டி, அறை முழுவதும் தெரியும்படி படமெடுங்கள்.

குளியலறைதான் உண்மையான பிரச்சினை. வாட்டம் தப்பினால், அதாவது தரை வடிகால் பக்கம் சரியாமல் இருந்தால், தண்ணீர் தேங்குகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாதது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. பழைய தரையை உடைத்தவர் அதைப் புதிதாகப் போட்டாரா, போட்டபின் தண்ணீர் நிறுத்திச் சோதித்தாரா என்று கேளுங்கள். வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்தி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. அதன் படம் அவரிடம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கீழ்வீட்டாரிடம் சொல்லிவிட்டு நீங்களே செய்து பாருங்கள். கசிந்தால் அவர்கள் முதலில் தட்டப்போவது உங்கள் கதவைத்தான், குத்தகையாளரின் கதவை அல்ல.

வாட்டத்தை நிரூபிப்பது எளிது. ரசமட்டத்தை வடிகாலை நோக்கி வைத்து ஒரு படம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அரைமணி கழித்தும் எங்கே நிற்கிறது என்று வெட்டாமல் ஒரு காணொளி. 6,500 வெள்ளி கேட்டவரிடம் வெறும் தொகையை வாங்காதீர்கள். என்ன குறை, ஏன் உடைக்காமல் முடியாது, எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

பிறகு கடிதம். வாட்ஸ்அப்பில் திட்டி எழுதியதெல்லாம் கடிதமாகாது. குறைகளை வரிசையாக எழுதி, படங்களை இணைத்து, இன்ன தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் வேறொருவரை வைத்துச் செய்வேன், அந்தச் செலவை உங்களிடம் கோருவேன் என்று மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். கெடு நியாயமாக இருக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளில் உடைக்கிற வேலையை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். தீபாவளி போன்ற பெரிய பண்டிகைகளுக்கு முந்தின நாளும் கூடாது. அதனால் “மூன்று நாளில் முடி” என்பது செல்லாது. இரண்டு வாரத்தில் வேலையைத் தொடங்கச் சொல்லலாம். கணவருக்குத் தெரிந்தவர் என்பதால் கடிதம் சங்கடமாக இருக்கும்தான். மரியாதையாக எழுதுங்கள், ஆனால் எழுதாமல் விடாதீர்கள். தெரிந்தவர் என்ற ஒரே காரணத்தால் ரசீதுகூட வாங்காமல் பணம் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே அதிகம். ரொக்கமாகக் கொடுத்த தொகை ஏதாவது இருந்தால், “இதுவரை 36,000 பெற்றீர்கள்” என்ற வரியையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

அந்த 4,000 வெள்ளியை இப்போது கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் பிடி அது ஒன்றுதான். நிறுத்திவைக்கும் தொகை குறைக்கு ஈடாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கேபினட் கதவு மட்டுமே கோணல் என்றால் 4,000-ஐப் பிடித்துவைப்பது உங்கள் பக்கத் தவறாகிவிடும். உங்கள் விஷயத்தில் 6,500 வெள்ளி வேலை இருக்கிறது, ஆகவே பயப்பட வேண்டாம். குறையைச் சரிசெய்த அன்றே மீதி தரப்படும் என்று கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

வீவகவிடம் புகார் செய்தால் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். வேலையின் தரம், பணத் தகராறு இவற்றில் வீவக தலையிடாது. ஆனால் அவர் வீவகவில் பதிவு பெற்ற குத்தகையாளரா, குளியலறை வேலைக்கு அனுமதி எடுத்தாரா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் அது விதிமீறல், அங்கே வீவக கேள்வி கேட்கும். உங்களையும் சேர்த்துத்தான் கேட்கும், அதனால் முதலில் உங்கள் தாள்களைச் சரிபாருங்கள்.

பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ சமரசம் பேச உதவும். இரண்டு தரப்பும் வந்தால்தான் பலன். அதற்கும் மசியவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. ஒப்பந்தம் 40,000 ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். பார்ப்பது நீங்கள் கோரும் தொகையைத்தான். குளியலறைக்கு 6,500, அதில் நீங்கள் கொடுக்காத 4,000-ஐக் கழித்தால் 2,500. அதோடு டைல்ஸ் செலவு. 5,000 வெள்ளிக்குள் கோரும் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். வழக்கறிஞர் யாருக்காகவும் வாதாட முடியாது என்பதால் குத்தகையாளருக்கும் உங்களுக்கும் ஒரே தளம்தான். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அவரும் மீதிப் பணம் கேட்டு எதிர்க்கோரிக்கை போடலாம், அதற்குத் தயாராக இருங்கள். அவரோடு தமிழில் நடந்த உரையாடலைச் சான்றாகக் காட்டுவதானால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். குரல்பதிவுகளை இப்போதே எழுதிவைக்கத் தொடங்குங்கள்.

பதிவதற்கு முன், நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான அக்ராவின் இணையத்தளத்தில் அவருடைய நிறுவனத்தைத் தேடிப் பாருங்கள். தனிநபர் நிறுவனம் என்றால் கடனுக்கு அவரே பொறுப்பு. பிரைவேட் லிமிடெட் என்றால் பொறுப்பு நிறுவனத்துக்குத்தான். அது மூடப்படும் நிலையில் இருந்தால், தீர்ப்பு வந்தாலும் பணம் வராமல் போகலாம். அப்படியொரு அறிகுறி தெரிந்தால், அவர் ஆள் அனுப்பச் சம்மதிக்கும்போதே வேலையை வாங்கிக்கொள்வதுதான் உங்களுக்கு லாபம்.