எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சம்தான், வலி ஏன் இவ்வளவு?

'தேய்மானம் லேசுதான் என்கிறார் டாக்டர், அம்மாவுக்கோ ராத்திரியில் முழங்கால் வலி தாங்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் முரண் இல்லைங்க. தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு; அதில் நரம்பே கிடையாது; வலி பெரும்பாலும் அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும் வருகிறது. அங்கே எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வலியைத் தூண்டும் அமிலம் சுரக்கும். நெட்ரின்-1 என்ற புரதத்தை வெளியிட்டு வலி நரம்புகளை உள்ளே இழுக்கவும் செய்யும் (இது எலிகளில் கண்டது). நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற இன்னொரு புரதம் அந்த நரம்பு முனைகளின் வலி உணர்வை இன்னும் கூராக்கும். அதைத் தடுக்கும் டனெசுமாப் ஊசி வலியைக் குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு மளமளவென்று சிதைந்ததால் 2021இல் அந்த மருந்தைக் கைவிட்டார்கள்.

எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா? படுத்து எடுத்தால் மூட்டு இடைவெளி அகலமாகத் தெரிந்து ஏமாற்றும். வலிக்குக் காரணமாகக்கூடிய எலும்பு மஜ்ஜை வீக்கமோ எம்ஆர்ஐயில்தான் தெரியும். முழங்கால் சூடாக வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே காட்டுங்கள்.