யார் தடுத்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இணையத்தில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கலாம், எழுதலாம். பெண்களை அங்கே யார் தடுத்தார்கள்? அவர்களாகவே வராமல் இருப்பதைப் புறக்கணிப்பு என்பது சரியா?

பதில்: கதவில் பூட்டு இல்லை என்பது உண்மைதான். உள்ளே போனவருக்கு என்ன வரவேற்பு கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், திருத்தலாம். ஆனாலும் 2011-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், பங்களிப்போரில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2018 மே மாதம், டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற கனடா இயற்பியலாளரைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு அனுப்பப்பட்ட கட்டுரை வரைவு, தனிக்கட்டுரைக்கு உரியவர் அவர் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அவரும் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜெரார் மூரூவும் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட ஒரே ஆய்வுக்காகத்தான் இருவருக்கும் பரிசு. மூரூவுக்கோ பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கட்டுரை இருந்தது. நிராகரித்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை, விதிப்படிதான் செய்தார். செய்தித்தாள்கள் ஒருவரைப் பற்றி எழுதாமல் விட்டால் சான்று இல்லை. சான்று இல்லாவிட்டால் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாதவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்க நிருபர்களுக்குத் தோன்றுவதும் இல்லை. இந்தச் சுற்றில், தடுத்தவர் இவர் என்று கைகாட்ட ஒருவரும் அகப்பட மாட்டார்.

கேள்வி: வரி விதிப்பைப் பற்றி நான் எழுதிய பதிவுக்கு வந்த பின்னூட்டங்களில் பெரும்பாலானவை என் புகைப்படத்தைப் பற்றியவை, சில மிரட்டல்கள். வீட்டில் "எழுதுவதை விட்டுவிடு" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஓர் ஆண் கணக்கைத் தவறாகப் போட்டால் "கணக்குத் தப்பு" என்பார்கள், பெண் சரியாகவே போட்டாலும் "யார் எழுதிக் கொடுத்தது?" என்பார்கள். வீட்டார் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் மிரட்டியவரும் அதையேதான் எதிர்பார்க்கிறார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். மிரட்டலை அழிப்பதற்கு முன், எழுதியவரின் கணக்குப் பெயரும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து, அதன் இணைப்பையும் சேமித்து வையுங்கள்; பிறகு தளத்தில் புகார் செய்து, அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள். உடலுக்கோ உயிருக்கோ தீங்கு செய்வதாக எழுதியிருந்தால் தயங்காமல் காவல்துறைக்குப் போங்கள். வசைகளைப் படித்துத் தரம்பிரிக்கும் வேலையை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைப்பதும் நல்லது; அத்தனையையும் நீங்களே படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கேள்வி: ஆண் பெயரில் எழுதினால் இந்தத் தொல்லை இருக்காதே?

பதில்: குறையும். பிரெஞ்சுக் கணித அறிஞர் சோஃபி ஜெர்மேன், பெண்களைச் சேர்க்காத பாரிஸ் பொறியியல் கல்லூரியின் மாணவர் ஒருவருடைய பெயரான "லெ பிளாங்க்" என்பதை வைத்துக்கொண்டுதான் அக்காலத்துப் பெரும் கணித மேதைகளுக்குக் கடிதம் எழுதினார். உண்மை தெரிந்த பிறகு, 1807-இல் அந்த மேதைகளில் ஒருவரான கவுஸ் அவரை மனமாரப் பாராட்டினார். நீங்களும் அப்படி எழுதலாம், அதில் தவறே இல்லை. ஆனால் எழுத்துக்கு வரும் பெயர் புனைபெயருக்கே போய்ச் சேரும். ஆகவே மூலப் பிரதிகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.