ஏறின கார்டிசால் இறங்கவும் வேண்டுமே!

கேள்வி: பெருமாநல்லூர் ரோட்டில் பைக்கில் வரும்போது ஒரு லாரி உரசுகிற மாதிரி போனது. கை காலெல்லாம் வெடவெடத்து, அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ஆனால் ராத்திரி வரைக்கும் எரிச்சல் அடங்கவே இல்லை. ஏனுங்க?
– வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்குள் இரண்டு வேலைகள் நடந்தன. முதலாவது நரம்பு வழி. மூளையின் அமிக்டலா ஆபத்தை மோப்பம் பிடித்த சில விநாடிகளில், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினைக் கொட்டிவிடும். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய இரண்டு, மூன்று நிமிடம் போதும். வெடவெடப்பு சட்டென்று நின்றது அதனால்தான்.

இரண்டாவது ரத்த வழி, நிதானமானது. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனைத் தனிக் குட்டி ரத்தக்குழாய்கள் வழியாகப் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பிக்கு இறக்குகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோனை விடுகிறது. அது அட்ரீனலின் வெளிப்பட்டையைத் தூண்ட, கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஊறுகிறது. உச்சத்துக்குப் போக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பாதியாகக் குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல்.

நிறுத்துவதும் கார்டிசாலேதான். மேலே போய் ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்கும். மாடித்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துகிற மிதவை சுவிட்ச் மாதிரி. ஆனால் அந்த லாரியை நீங்கள் மனசுக்குள் மறுபடி மறுபடி ஓட்டினால், மோட்டாரும் மறுபடி ஓடும். மூச்சை 4 விநாடி இழுத்து, 6 விநாடி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். இதயத் துடிப்பு தணியும். ஏற்கெனவே ஊறிய கார்டிசால் கரைய மட்டும் அதற்குரிய நேரம் ஆகத்தான் செய்யும்.

கேள்வி: பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். காலை எட்டு மணிக்குக் கார்டிசால் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். வேலை முடிந்து நேராகப் போய்க் கொடுக்கலாமா?
– வாசகி, அவிநாசி

பதில்: கொடுக்கலாம், ஆனால் அந்த எண்ணை நம்ப முடியாது. பகலில் வேலை பார்ப்பவருக்குக் கார்டிசால் விடியலில் ஏறி, கண் விழித்த 30–45 நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் துள்ளி, நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போகும். காலை அளவு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம் என்று லேப் அச்சடிப்பது அவர்களுக்காக. வாராவாரம் ஷிஃப்ட் மாறினால் மூளையின் கடிகாரம் எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் வழக்கமாக விழிக்கும் நேரத்தையும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்; அந்த மாத்திரை மொத்தக் கார்டிசால் அளவைக் கூட்டிக் காட்டும். கார்டிசால் அதிகமோ என்ற சந்தேகத்துக்கு நள்ளிரவு எச்சில் டெஸ்ட் உங்களுக்கு ஒத்துவராது. கார்டிசால் மாதிரி வேலை செய்யும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை 1 மி.கி. கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் தோதானது. மாத்திரை போட்ட மறுநாள் காலையில் கார்டிசால் 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால் மூளையின் பிரேக் வேலை செய்கிறது.

கேள்வி: அம்முச்சி மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை நாலு மாசமாக முழுங்கினார். பட்டையில் பிரெட்னிசலோன் 10 மி.கி. என்று இருக்கிறது. முகம் உப்புகிறதே என்று போன வாரம் நிறுத்தினோம். இப்போது எழுந்தால் தலை சுற்றுகிறது, வாந்தி.
– வாசகர், கோபி

பதில்: இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

பிரெட்னிசலோன், கார்டிசால் மாதிரி வேலை செய்யும் ஸ்டீராய்டு. உடம்பு ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால், பிரெட்னிசலோன் கணக்கில் ஏறக்குறைய 5 மி.கி.தான். வெளியிலிருந்து 10 வந்ததால் மூளை, ‘தேவைக்கு மேலேயே இருக்கிறது’ என்று ஏ.சி.டி.ஹெச்.சை நிறுத்திவிட்டது. மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் இப்படிப் போனால் அட்ரீனல் பட்டை சுருங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தும்போது கூப்பிட ஆளும் இல்லை, வர ஆளும் இல்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழலாம். தோல் கறுக்கவில்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள். இந்த வகையில் கறுக்காது.

டாக்டர் ஸ்டீராய்டைத் திரும்பத் தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். 5 மி.கி.க்கு வந்த பிறகுதான் பொறுமை வேண்டும், அங்கேதான் பலரும் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். மூளையிலிருந்து அட்ரீனல் வரையிலான இந்தச் சங்கிலி முழுதாக விழிக்கப் பல மாதம், சிலருக்கு ஒரு வருஷமே ஆகும். அதற்குள் காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். மாத்திரை வயிற்றில் தங்காத அளவு வாந்தி என்றால் ஊசிதான். ‘ஸ்டீராய்டு சாப்பிட்டவர்’ என்று எழுதிய சீட்டு அவர் சுருக்குப்பையில் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி: ‘அட்ரீனல் களைப்பு’க்கு ஆன்லைனில் விற்கும் மாத்திரை வாங்கலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்கள் ஏற்பதில்லை. இந்த மாதிரி பாட்டில்கள் சிலவற்றில் லேபிளில் சொல்லாத தைராய்டு, ஸ்டீராய்டு ஹார்மோன்கள் அகப்பட்டிருக்கின்றன. களைப்புக்கு முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பாருங்கள்.