வாக்கர் எங்கே நடந்தார்?

கேள்வி: ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் ஒருவர் கைத்தடியோடு வீறுநடை போடுகிறார். நடப்பதைப் போய்க் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்களே, முன்னோரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லாதவர்கள்தானே இந்த வெள்ளைக்காரர்கள்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பாட்டில் படத்தை வைத்து ஒரு குடும்பத்தின் பூர்விகத்தை எடை போடாதீர்கள். அந்த வீறுநடைக்காரர் 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் விளம்பரத்துக்காக வரைந்த உருவம். அந்த விஸ்கிக்குப் பெயர் தந்த ஜான் வாக்கரோ ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் 1820-இல் மளிகைக் கடை தொடங்கியவர். வாக்கர் என்ற பெயர் அவருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அந்தப் பெயரில் இருப்பது உலாப் போகும் நடை அல்ல. ஈரத் துணியின் மேல் நாள் முழுவதும் மிதித்த மிதி.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை அப்படியே உடுத்த முடியாது. ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப்பசை போகாமல், இழைகள் விலகி, சல்லடை மாதிரி இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரோடு நாள்பட்ட மனிதச் சிறுநீரையும் ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா பசையை எடுக்கும். பசையை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணையும் போட்டு மிதிப்பது உண்டு. மிதிக்க மிதிக்கத் துணி சுருங்கும், தடிக்கும், இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகும். பிறகு அலசி, மரச்சட்டத்துக் கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். குளிர் தாங்கும் துணி அப்போதுதான் கிடைக்கும். இடைக்கால இங்கிலாந்தின் செல்வமே கம்பளிதான். அதன் அடையாளமாகப் பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றும் கம்பளி அடைத்த இருக்கையில் அமர்கிறார். தொட்டியில் நின்றவனுக்குக் கிடைத்தது வெந்துபோன பாதமும் நாற்றமும் இந்தப் பெயரும்.

பழைய ஆங்கிலத்தில் 'வாக்' என்பதன் மூலச்சொல்லுக்கு உருட்டுவது, புரட்டுவது என்றுதான் பொருள். காலால் நடப்பது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொன்றையும் பாருங்கள். இதே தொழிலாளிக்கு இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர் என்று பெயர், தென்மேற்கே டெவன், சாமர்செட் பக்கம் டக்கர், தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். எக்ஸிட்டர் நகரில் நெசவாளர்களோடு சேர்ந்து இவர்கள் 1471-இல் கட்டிய சங்கக் கட்டடம் 'டக்கர்ஸ் ஹால்' என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்றைக் குடும்பப் பெயராகக் கொண்ட ஓர் ஆங்கிலேயரின் மூதாதை எந்தத் திசைக்காரர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

'வைத்துக்கொண்டிருக்கிறார்களே' என்கிறீர்கள். யார் வைத்துக்கொண்டார்கள்? 1066-இல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு நிலப்பிரபுக்கள் தங்கள் நிலத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். ஏழைக்கு அந்த வசதி ஏது? ஒரே ஊரில் பல ஜான்கள் இருந்தால், எந்த ஜான் என்று தெரிய அக்கம்பக்கத்தார் தொழிலைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வசூலித்தபோது எழுத்தர்களும் அப்படியே ஏட்டில் ஏற்றினார்கள். தகப்பன் துணி மிதித்தான், மகன் ரொட்டி சுட்டான், ஆனாலும் மகனும் வாக்கர்தான் என்று பெயர் மெல்ல மெல்லப் பரம்பரையாக இறுகியது. 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் உத்தரவுப்படி ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கியது அதை இன்னும் கெட்டிப்படுத்தியது.

காலால் மிதிக்கும் வேலைக்கு மாற்றும் சீக்கிரமே வந்துவிட்டது. நீர்ச்சக்கரம் சுழற்றும் மரச் சம்மட்டிகள் துணியை அடிக்கும் ஆலைகள் 1185-ஆம் ஆண்டின் ஆவணத்திலேயே இருக்கின்றன. மிதித்தவனின் பெயர் மட்டும் போகவில்லை. வடக்கே அந்த ஆலைக்கே 'வாக் மில்' என்று பெயர் வைத்தார்கள்.

சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவர்களா இவர்கள்? எத்தனையோ பிரபு வம்சங்கள் வாரிசின்றிப் பெயரோடு மறைந்துவிட்டன. சிறுநீர்த் தொட்டியில் நின்ற கூலிக்காரனின் பெயர் இங்கிலாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்களுள் ஒன்றாக நிலைத்திருக்கிறது. அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வாக்கர்கள் எல்லாரும் ஒரே வம்சம் அல்லர். தொட்டி இருந்த ஊரிலெல்லாம் இந்தப் பெயர் தனித்தனியாக முளைத்தது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், 'துணி மிதிப்பவன் மகன்' என்று பொருள்படும் பெயரை, அந்நாட்டுப் பழைய மொழியான கேலிக்கில் (Gaelic) இருந்ததை, ஆங்கிலப்படுத்தி வாக்கர் ஆனவர்களும் உண்டு.