பழைய தோட்ட டிராக்டர்: கேள்வி பதில்

ஒஹாயோவில் ஒரு ஏக்கர் புல்லோடு வீடு வாங்கினோம். புல்வெட்டும் புது மெஷின் விலை கேட்டதும் தலை சுற்றியது. பக்கத்து ஊரில் ஒருவர் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வீல் ஹார்ஸ் சி-120 என்ற பழைய தோட்ட டிராக்டர் ஒன்றைப் பேரம் பேசி இழுத்து வந்தேன். 1976-ல் செய்தது, 12 குதிரைசக்தி கோலர் எஞ்சின். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைக் கெடுத்துச் சரிசெய்து கற்றதுதான்.

அண்ணா, வீல் ஹார்ஸ், கப் கேடட், ஜான் டீர் 110. மூன்றும் பக்கத்திலேயே விற்பனைக்கு இருக்கின்றன. எதை வாங்கலாம்? (மிச்சிகன்)

மூன்றுமே அறுபது, எழுபதுகளின் நல்ல இரும்பு. கப் கேடட்டை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-ல் கொண்டுவந்தது. ஜான் டீர் 110 வந்தது 1963-ல். வீல் ஹார்ஸ் இண்டியானாவின் சவுத் பெண்டில் பிறந்தது, 1986-ல் டோரோ கைக்குப் போனது. பல மாடல்களில் கோலர் கே வரிசை எஞ்சின்தான் என்பதால் எஞ்சின் வேலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெயரைப் பார்க்காதீர்கள், அடியில் பிளேடு சுற்றுகிற தகட்டுப் பெட்டியை, அதாவது புல்வெட்டும் டெக்கைப் பாருங்கள். டிராக்டரோடு டெக் இல்லையென்றால் தனியாகத் தேடி அலைய வேண்டும். குனிந்து டெக்கின் அடித்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "போன வருஷம் ஓடிச்சு" என்று விற்பவர் சொல்வார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

என்னுடையது கோலர் கே301 எஞ்சின். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்தால் ரொம்பக் குறைவாகக் காட்டுகிறது. எஞ்சின் போய்விட்டதா? (நியூ ஜெர்சி)

பயப்படாதீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது சுலபமாகச் சுற்றட்டும் என்று எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் திறந்துவைக்கும் அமைப்பு வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டிலேயே இருக்கிறது. அதனால் கேஜ் கணக்கு இங்கே செல்லாது. பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பிளக் மாட்டியபடியே ஃப்ளைவீலைக் கையால் வழக்கமாகச் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றுங்கள். வெடுக்கென்று திருப்பி உதைத்தால் கம்ப்ரெஷன் இருக்கிறது.

அடுத்து நெருப்பு. பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து எஞ்சின் இரும்பில் தொட வைத்துச் சுற்றுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாகச் சுளீரென்று பொறி வரவேண்டும். மஞ்சளாகச் சோம்பலாக வந்தாலோ, வராமலே போனாலோ, எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன மூடியைத் திறங்கள். உள்ளே பாயின்ட் இருக்கும், பொறி வருவதற்காகத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச் அது. என்னுடையதில் இரண்டு முனையும் கருத்து, ஒரு பக்கம் குழி, மறுபக்கம் குட்டி மலை. புதுப் பாயின்ட், கன்டென்சர் போட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் 0.020 அங்குலம் வைத்தேன். கடைசியாக ஒரு சுத்தமான அட்டைத் துண்டை நடுவில் விட்டு இழுத்துவிடுங்கள். கேஜில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு முனையில் படிந்தால் புதுப் பாயின்ட்டும் வேலை செய்யாது. அன்று இதற்கே அரை நாள் தொலைத்தேன்.

நெருப்பு நன்றாக இருந்தால் எரிபொருள். கார்பரேட்டர் வாயில் ஒரு டீஸ்பூன் பெட்ரோல் விட்டுப் பாருங்கள். எஞ்சின் பிடித்து இரண்டு நொடியில் நின்றால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரவில்லை என்று பொருள். இங்கே பம்பில் வரும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பச்சையாகப் பொருக்கு கட்டும். கழற்றிக் கழுவுங்கள், ரப்பர் குழாயை மாற்றுங்கள், டேங்க் மூடியின் காற்று ஓட்டையையும் பாருங்கள். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஊசியை மெதுவாக உட்காரும் வரை மூடி, ஏறக்குறைய இரண்டு சுற்று திறந்தால் ஓடும். மற்றதை எஞ்சின் சூடான பிறகு காதால் கேட்டுச் சரிசெய்யலாம். இறுக்கித் திருகினால் ஊசி முனையில் வளையம் விழும், அப்புறம் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது.

ஓடியதும் உடனே புல் வெட்டப் போகாதீர்கள். எஞ்சின் மேல் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையதில் எலிக்கூடு. மெத்தைப் பஞ்சும் மேப்பிள் விதையும் அப்பிக் காற்றுத் துடுப்புகளே தெரியவில்லை. காற்றால் குளிரும் எஞ்சின், அப்படியே ஓட்டியிருந்தால் வெந்திருக்கும்.

என் எஞ்சின் சுற்றவே இல்லை, இறுகிவிட்டது. சுத்தியல் வைத்துத் தட்டலாமா? (பென்சில்வேனியா)

தட்டாதீர்கள். ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, துடுப்பு உடையும். பிளக் ஓட்டை வழியாக, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ATF) அசிட்டோனும் பாதிப் பாதி கலந்து ஊற்றிவிட்டு ஒரு வாரம் மறந்துவிடுங்கள். அப்புறம் முன்னும் பின்னும் கையால் ஆட்டுங்கள். அரை அங்குலம் அசைந்தால் ஜெயித்த மாதிரி. அசையாவிட்டால் மேல் மூடியைக் கழற்றுங்கள். வால்வுகள் மேல் மூடியில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் என்பதால் போல்ட்டுகளை எடுத்தாலே சிலிண்டர் கண்ணில் படும்.

வீல் ஹார்ஸில் கியர் விழவில்லை, அதுவும் ஜனவரியில் மட்டும். கோடையில் சரியாக இருக்கிறது. (நியூயார்க்)

சார், உள்ளே ஐஸ். கியர் கம்பியின் அடியில் ரப்பர் உறை கிழிந்திருக்கும். மழைநீர் அது வழியாகக் கியர் பெட்டிக்குள் இறங்கி உறைந்துவிடுகிறது. அடைப்பானைத் திறந்தால் பால் காபி நிறத்தில் ஆயில் வரும். முழுக்க வடித்துவிட்டு, டீசல் கொஞ்சம் ஊற்றி, பின்சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிக் கழுவி மறுபடி வடியுங்கள். பிறகு 90 கிரேடு கியர் ஆயில். 8 வேகப் பெட்டிக்குச் சுமார் 2 குவார்ட் (ஏறக்குறைய 2 லிட்டர்). புது உறை போட மறந்தால் அடுத்த ஜனவரியில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

எஞ்சினுக்கு என்ன ஆயில்? (ஒஹாயோ)

கோடையில் எஸ்.ஏ.இ. 30, உறைபனிக்குக் கீழே 5டபிள்யூ-30. 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஃபில்டர் கிடையாது, அதனால் இதில் சோம்பல் கூடாது. ஆயில் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டேட்டிக் கியருக்கு மட்டும் கையேட்டில் போட்டதையே ஊற்றுங்கள். பழைய கப் கேடட் என்றால் ஹை-டிரான் (Hy-Tran) என்ற ஆயில்.

பனி தள்ளும்போது பின்சக்கரம் வழுக்குகிறது. எடைக்காக டயருக்குள் தண்ணீர் நிரப்பலாமா? (மின்னசோட்டா)

வெறும் தண்ணீர் உறையும். கால்சியம் குளோரைடு கரைசல் கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும். கார் முன்கண்ணாடி கழுவும் திரவம் மலிவு. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் சாறு விற்கிறார்கள், தண்ணீரைவிடக் கனம், துரு பிடிக்காது. பீட்ரூட் பொரியலுக்குத் தூரத்துச் சொந்தம் டயருக்குள் போகிறது என்று அம்மாவிடம் போனில் சொன்னேன், நம்பவில்லை.

துருவை மின்சாரம் வைத்து எடுக்கலாம் என்கிறார்களே? எடுத்ததும் பெயிண்ட் அடிக்க வேண்டும். (வட கரோலினா)

எடுக்கலாம். வாஷிங் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், பழைய இரும்புக் கம்பி போதும். துருப்பிடித்த பாகம் நெகட்டிவ் பக்கம், கம்பி பாசிட்டிவ் பக்கம். கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் வேண்டாம், அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜனும் வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். பெயிண்ட் விஷயத்தில் ஒரு வேண்டுகோள்: ஒரு சீசன் ஓட்டிவிட்டு அடியுங்கள். பளபளவென்று நிற்கும், ஆனால் ஸ்டார்ட் ஆகாத டிராக்டர்கள் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஐந்து வயது மகன் மடியில் உட்கார்ந்து வரணும் என்று அழுகிறான். அவன் அப்பா சரி என்கிறார். (டெக்சாஸ்)

வேண்டாம் அக்கா. பழைய மெஷின்கள் பலவற்றில் சீட்டிலிருந்து விழுந்தால் பிளேடை நிறுத்தும் சுவிட்ச் கிடையாது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு ஸ்டீயரிங் பிடிக்க விடுங்கள். என் மகள் அப்படியே சிக்காகோ வரைக்கும் போய் வந்திருக்கிறாள்.

கோவையில் தென்னந்தோப்பு இருக்கிறது. இதில் ஒன்றை அனுப்ப முடியுமா அண்ணா? (கோவை)

அனுப்பலாம் தம்பி, ஆனால் ஒரு பாயின்ட் போனால் அதுவும் இங்கிருந்துதான் வரவேண்டும். இவை புல்லுக்குச் செய்தவை, இறுகிய மண்ணை உழுவதற்கு அல்ல. உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிற பழைய பவர் டில்லர் ஒன்றைப் பாருங்கள். வாங்குவதற்கு முன் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போது சூடாக இருந்தால், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள்.