ஆயருக்கு ஞாயிறு மட்டும்தான் வேலையா?

கேள்வி: ஞாயிறு ஆராதனை முடிந்தபின், சபைப் போதகரான ஆயருக்கு வார நாட்களில் அப்படி என்ன வேலை இருக்கிறது? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், நெல்லைச் சீமைக் கிராமச் சேகரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் அடங்கியிருக்கும். ஜெபக்கூட்டங்களைக் குருப்பட்டம் பெறாத ஊழியர்களான உபதேசியார்கள் நடத்தினாலும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தை நடத்துவது குருப்பட்டம் பெற்றவரின் பணி என்பதால், ஆயர் முறைவைத்து ஊர் ஊராகச் சென்றாக வேண்டும். இடையில் வீடு சந்திப்பு, நோயாளிகளுக்கான ஜெபம், கமிட்டிக் கூட்டம், கணக்கு, ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவோர் என வேலைகள் வரிசையில் நிற்கும். திருமணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டியிருப்பதால் அதன் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும், மரணம் அப்படியன்று. சனிக்கிழமை மாலை பிரசங்கத்துக்காக வேதாகமத்தை விரித்து உட்காரும் நேரத்தில் துக்கச் செய்தி வந்தால், அப்படியே மூடிவைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போய், அழுகிறவர்களோடு அமர்ந்து ஜெபித்து, அடக்க ஆராதனைக்கான நேரத்தைக் குடும்பத்தாரோடு பேசி முடித்துத் திரும்பிய பிறகே குறிப்பெழுத முடியும். இந்நிலையில் கணக்கு, கட்டடப் பராமரிப்பு போன்றவற்றையாவது கமிட்டியினர் முழுமையாக ஏற்றுக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளை ஆயரின் குடும்பத்துக்கென விட்டுக்கொடுப்பதே நியாயம் என்பேன்.